தம் கொள்கையைப் பிறர்மேல் திணிப்பவர் யார்: இறைநம்பிக்கையாளரா, இறைமறுப்பாளரா?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன். தம் கொள்கையைப் பிறர்மேல் திணிப்பதில் முந்தி நிற்பவர்கள் கடவுளை நம்புகிறவர்களா, மறுக்கிறவர்களா? யாரிடம் கேட்டாலும் எதிர்த்தரப்பையே கைகாட்டுகிறார்கள். நம்புகிறவர், "நாங்கள் எங்கள் பாட்டுக்கு வழிபடுகிறோம், அவர்கள்தாம் வலிய வந்து கேலி பேசுகிறார்கள்" என்கிறார். மறுக்கிறவரோ, "குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே மதத்தைச் சூட்டிவிடுகிறீர்கள்; இதற்குமேல் என்ன திணிப்பு வேண்டும்?" என்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அவ்விரண்டையும் எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் விளங்கவில்லை.

இந்தக் கேள்வி எனக்கு வீட்டிலேயே எழுந்தது. என் அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. அவனுடைய தாய்வழித் தாத்தா ஆழ்ந்த பக்தர். தந்தைவழித் தாத்தா, அதாவது என் அப்பா, இளமையிலிருந்தே கடவுள் மறுப்பாளர். இருவரும் அவன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஒரு தேர்வு நாளன்று காலையில், "கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொள்" என்று முதலாமவர் சொல்ல, அவனும் கண்ணை மூடினான். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "படித்தது நீ, வேண்டுதல் எதற்கு?" என்றார் என் அப்பா. பையன் ஒரு கண்ணை மட்டும் திறந்து இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டான். அன்று அவனைத் தம் பக்கம் இழுத்தவர் இருவரில் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரு தரப்பையும் வசைபாடும் பதில்கள் வேண்டா. உலக வரலாற்றிலிருந்தும் சட்டங்களிலிருந்தும் சொந்தப் பட்டறிவிலிருந்தும் சான்று காட்டிப் பேசுவோர் எழுதினால் நன்றியுடையவளாவேன்.

அருள்செல்வன் எழுதியது:

கயல்விழி அவர்களுக்கு வணக்கம். நான் நாள்தோறும் வழிபடுகிறவன். ஆகவே என் தரப்புக்குப் பாதகமான செய்தியையே முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சின் அளவை மட்டும் பார்த்தால், நம்புகிறவர்களின் பரப்புரையே மிகுதி. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஏதேனும் ஒரு மதத்தைச் சேர்ந்தவர்கள். மிகப் பெரிய இரு மதங்களாகிய கிறித்தவமும் இசுலாமும் தம் செய்தியைப் பிறருக்கு எடுத்துரைப்பதை அடியார்களின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. கடவுள் இல்லை என்று அண்டை வீட்டாரிடம் சொன்னால்தான் தனக்கு ஈடேற்றம் என்று எந்த மறுப்பாளரும் எண்ணுவதில்லை. எனினும் மதங்கள் அனைத்தையும் ஒரே கூட்டில் அடைப்பது சரியன்று. யூத மதம் பிற மதத்தவரைத் தேடிச் சென்று சேர்ப்பதில்லை. மேற்காசியாவில் வாழும் துரூசு சமயத்தார் 11ஆம் நூற்றாண்டிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டனர்.

ஆனால் எடுத்துரைப்பதைத் திணிப்போடு சேர்த்து எண்ணுவதை நான் ஏற்கமாட்டேன். ஒருவர் தமக்கு உயிர்போன்றது என்று கருதும் ஒன்றைத் தாம் நேசிக்கும் மனிதரிடம் சொல்லாமல் இருப்பாரானால், அதையே நான் அன்பின்மை என்பேன். கேட்பவர் "எனக்கு வேண்டா" என்று சொன்னபின் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு கிரேக்க நாட்டு வழக்கு ஒன்று பொருத்தமான சான்றாகும். மினோசு கொக்கினாகிசு என்பவர் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர். வீடு வீடாகச் சென்று தம் நம்பிக்கையைப் பேசியதற்காக வாழ்நாளில் அறுபது முறைக்கு மேல் கைது செய்யப்பட்டார். மதம் மாற்ற முயல்வதைக் குற்றமாக்கிய சட்டம் அங்கே 1938-இல் வந்தது. 1986-இல் கிரீட்டுத் தீவில் ஒரு வீட்டுக்கு அவரும் அவர் மனைவியும் சென்று அவ்வீட்டுப் பெண்மணியோடு பேசினார்கள். அப்பெண்மணியின் கணவர் உள்ளூர்த் திருச்சபையில் பாடகர். அவரே காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1993-இல், கிரேக்க அரசு கொக்கினாகிசின் மதச் சுதந்திரத்தை மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. தம் நம்பிக்கைக்குச் சான்று பகர்வது உரிமை என்றும், பொருளாசை காட்டுவது, துன்பத்தில் இருப்பவரை நெருக்குவது, வன்முறை, மூளைச்சலவை ஆகியவை முறையற்றவை என்றும் அத்தீர்ப்பு கோடு கிழித்தது. கதவைத் தட்டிய முதியவரா, அவரைத் திரும்பத் திரும்பச் சிறைக்கு அனுப்பிய அரசா, இவர்களில் திணித்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

மதியழகி எழுதியது:

நண்பர் அருள்செல்வன் நேர்மையாகத் தொடங்கினார். அதற்கு என் நன்றி. ஆனால் அவர் திணிப்பைக் கதவைத் தட்டும் ஓசையில் தேடுகிறார். நான் கடவுளை நம்பாதவள். என் வாழ்க்கையில் கதவைத் தட்டியவர்களால் எனக்குப் பெருந்தொல்லை எதுவும் நேர்ந்ததில்லை. யாரும் தட்டாமலே, நாம் கேளாமலே, நம்மைச் சுற்றி ஏற்கெனவே அமைந்துகிடக்கும் ஏற்பாடுகளே நம்பாதவரை நெருக்குகின்றன. விண்ணப்பப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது; மதமில்லை என்று எழுதினால் அலுவலர் நிமிர்ந்து பார்க்கிறார். கூட்டம் வழிபாட்டோடு தொடங்கும்போது உட்கார்ந்திருப்பவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுகிறார். பெரும்பான்மைக்கு இவையெல்லாம் இயல்பான நடைமுறையாகத் தெரிவதால், அதை மறுக்கிறவருடைய குரல் மட்டுமே திணிப்பாகக் காதில் விழுகிறது.

சட்டங்களைப் பாருங்கள். எடின்பரோவில் தாமசு ஐக்கன்கெட்டு என்ற இருபது வயது மாணவர், மதத்தைப் பழித்துப் பேசினார் என்பதற்காக 1697-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. நண்பர்களிடம் பேசினார், அவ்வளவுதான். சார்லசு பிராட்லா 1880-இல் நார்த்தாம்டன் தொகுதியிலிருந்து பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் நாத்திகர் என்பது ஊரறிந்த செய்தி. கடவுள்மேல் ஆணையிடாமல் உறுதிமொழி கூறுகிறேன் என்றார்; மறுத்தார்கள். அப்படியானால் ஆணையே இடுகிறேன் என்றார். நாத்திகரின் ஆணைக்கு மதிப்பில்லை என்று அதையும் மறுத்தார்கள். மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பியும், 1886-இல்தான் அவரால் முறைப்படி இருக்கையில் அமர முடிந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கடவுள் உண்டு என்று அறிவிக்க மறுத்த ஒருவருக்கு நோட்டரிப் பதவி மறுக்கப்பட்டது. அது தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 1961 ஆக வேண்டியிருந்தது. இவை பழங்கதை என்போருக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019ஆம் ஆண்டு நிலவரப்படி ஆராய்ந்த 198 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் 79-இல் மத நிந்தனைச் சட்டங்கள் இருந்தன, 22-இல் மதத்தைத் துறப்பதே குற்றம். இதற்கு ஈடாகக் கடவுளை நம்புவதையே குற்றமாக்கும் சட்டம் இன்று எத்தனை நாடுகளில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். என் சிற்றப்பா கடைசி நாள்களில் மருத்துவமனையில் இருந்தார். வாழ்நாள் முழுவதும் நம்பிக்கையற்றவர். மூக்கையும் வாயையும் பிராணவாயு முகமூடி மூடியிருந்தது, பேச இயலாது. அடுத்த படுக்கை நோயாளியைப் பார்க்க வந்த ஒருவர், யாரையும் கேட்காமல் சிற்றப்பாவின் தலைமேல் கைவைத்து உரக்க வேண்டத் தொடங்கினார். சிற்றப்பா தலையை மெல்ல ஒருபுறம் திருப்பினார். கையும் கூடவே திரும்பியது. போர்வைக்கு வெளியே இருந்த அவருடைய விரல்கள் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து அழுத்தின. வேண்டியவர் நல்லெண்ணத்தோடுதான் வேண்டினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எழுந்து போக முடியாத ஒருவரிடம் அந்த நல்லெண்ணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நான் இன்றளவும் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

முகிலன் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இரு தரப்பிலும் மிகப் பெரும்பாலோர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பக்கத்து இருக்கையில் பயணம் செய்தவர் எதை நம்பினார் என்று தெரியாமலே இறங்கிப் போகிறோம். நம்மிடம் வந்து பேசியவர்களை மட்டும் வைத்து ஒரு தரப்பு முழுவதையும் எடைபோட்டால், பேசாதவர்கள் அனைவரும் கணக்கிலிருந்து விடுபட்டுப் போவார்கள்.

தமிழ்மாறன் எழுதியது:

மதியழகி அவர்கள் காட்டிய சான்றுகளில் எனக்கு மாறுபாடில்லை. இன்றைய சட்டங்களைப் பற்றி அவர் கேட்ட கேள்வியும் சரியானதே. ஆனால் நேற்றைய சட்டங்களையும் பார்க்க வேண்டும். மறுப்பாளர்கள் கையில் அரசு இருந்த காலங்களை விட்டுவிட்டால் கணக்கு முடியாது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793-இல் பாரிசின் நோத்ரதாம் பேராலயம் பகுத்தறிவின் கோயிலாக அறிவிக்கப்பட்டது. குருமார்கள் பதவி துறக்க நெருக்கப்பட்டார்கள். சோவியத்து ஒன்றியத்தில் 1925-இல் தோன்றிய போர்க்குண நாத்திகர் சங்கம் பல இலட்சம் உறுப்பினர்களோடு இயங்கியது. மாசுகோவின் மீட்பர் கிறித்து பேராலயம் 1931-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அல்பேனியா இவையனைத்தையும் விஞ்சியது. 1967-இல் நாட்டின் பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், மடங்கள் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழிபாட்டு இடங்கள் மூடப்பட்டன. சில இடிக்கப்பட்டன, சில கிடங்குகளாகவும் விளையாட்டுக் கூடங்களாகவும் மாற்றப்பட்டன. 1976ஆம் ஆண்டு அரசமைப்பின் 37ஆம் பிரிவு, அரசு எந்த மதத்தையும் ஏற்பதில்லை என்றும் நாத்திகப் பரப்புரையை ஆதரிக்கும் என்றும் வெளிப்படையாகவே கூறியது. ஒரு குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த கத்தோலிக்கக் குரு ஒருவர் 1970களின் தொடக்கத்தில் கொல்லப்பட்டார். மதச் சார்புள்ள பெயரை வைத்திருந்தவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1990-இல் தடை நீங்கியபோது மக்கள் மீண்டும் வெளிப்படையாக வழிபடத் தொடங்கினார்கள் என்பதிலிருந்து, இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளும் எத்தனை வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம்.

அதற்காக "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லி நான் விலகிக்கொள்ளப் போவதில்லை. மறுப்பாளர் அரசுகளின் காலம் மொத்தமும் சில பத்தாண்டுகள். மதத்தின் பெயரால் ஆண்டவர்களின் காலம் பல நூற்றாண்டுகள். தெசலோனிக்காவில் 380-இல் வெளியான ஆணை, ஒரு குறிப்பிட்ட கிறித்தவக் கோட்பாட்டையே உரோமப் பேரரசின் குடிகள் அனைவரும் ஏற்க வேண்டும் என்றது. பிரான்சில் 1598-இல் நாந்து ஆணை வழியாகச் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்குக் கிடைத்த உரிமையை 1685-இல் பதினான்காம் லூயி பறித்தபோது, ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். இங்கே நான் கவனிக்கச் சொல்வது வேறு. இந்த இரண்டு இலட்சம் பேரும் கடவுளை நம்பியவர்கள். நம்பிக்கையாளர்களின் அரசுகளால் மிகுதியாகத் துன்புற்றவர்கள் நாத்திகர்களைவிட, வேறுவிதமாக நம்பிய ஆத்திகர்களே. பாக்தாதில் 833-இல் கலீபா அல்-மாமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கோட்பாட்டை ஏற்கும்படி நீதிபதிகளையும் அறிஞர்களையும் விசாரணைக்கு உட்படுத்தினார். ஏற்க மறுத்த அறிஞர் அகமது இப்னு அன்பல் சிறையிடப்பட்டார். பின்னர் கசையடியும் பட்டார். பகுத்தறிவு வாதத்துக்குப் பெயர்பெற்ற முத்தசிலாக்கள் என்னும் இசுலாமிய இறையியலாரின் கோட்பாடு அது. அறிவைப் போற்றியவர்களின் கருத்தும் அரியணை ஏறியவுடன் சவுக்கைத்தான் கையில் எடுத்தது.

கயல்விழி அவர்கள் ஓர் அளவுகோல் கேட்டார். ஒருவர் "இல்லை, எனக்கு உடன்பாடில்லை" என்று சொன்னால் அவர் எதை இழக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நேரத்தை மட்டும் இழந்தால் அது பேச்சு, அவ்வளவே. வேலையையோ, குடும்ப உறவையோ, படிப்பையோ, உடல்நலத்தையோ, உயிரையோ இழப்பாரானால், நயமாகப் பேசினாலும் அது திணிப்பே. இந்தக் கோலால் அளந்தால், இன்றைய உலகில் மதத்திலிருந்து வெளியேறுபவர் இழப்பதே பெரிது. குடும்பம் பேச்சை முறித்துக்கொள்வது, மண உறவு அறுவது, சொத்தில் பங்கு மறுக்கப்படுவது எனப் பலவற்றைக் கேள்விப்படுகிறோம். மறுப்பாளர் குடும்பத்தில் பிறந்து பக்தராக மாறும் பிள்ளைக்கும் மனவருத்தங்கள் உண்டு. ஆனால் அவரை ஊரே ஒதுக்கி வைப்பது அரிது. அரசு நாத்திகத்தைக் கையில் எடுத்துக்கொண்ட நாடுகளில் மட்டும் இந்த நிலை தலைகீழாகிவிடுகிறது.

பொன்மணி எழுதியது:

நான் பள்ளி ஆசிரியை. ஆகவே அந்தச் சிறுவனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தமிழ்மாறன் அவர்கள் சொன்ன அளவுகோல் பெரியவர்களுக்குப் போதுமானது. குழந்தையிடம் அது போதாது. ஒன்பது வயதுப் பிள்ளை மறுத்துப் பேசினால் இழக்கக் கூடியது தாத்தாவின் முகமலர்ச்சியை. பெரியவர்களுக்கு அது அற்பமாகத் தெரியும். பிள்ளைக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறு இல்லை.

ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 14ஆம் பிரிவில் சிந்தனை, மனச்சான்று, மதம் ஆகியவற்றில் குழந்தைக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. வழிநடத்தும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்றும், அது குழந்தையின் வளரும் திறனுக்கு ஏற்ப அமைய வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. எனவே தாத்தா வழிபடச் சொல்லிக் கொடுப்பதோ, மற்றவர் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுப்பதோ குற்றமன்று. குழந்தையின் எதிரிலேயே ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசுவதுதான் அவனைத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்கார வைக்கிறது. வகுப்பில் பிள்ளைகள், "டீச்சர், நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா?" என்று கேட்பதுண்டு. "சிலர் இப்படி நம்புகிறார்கள், சிலர் நம்புவதில்லை; நான் நம்புவது இது; நீ வளர்ந்து உனக்குச் சரியென்று பட்டதை முடிவுசெய்யலாம், எதைச் செய்தாலும் எனக்கு உன்மேல் கோபம் வராது" என்பேன். அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டபின்தான் பல பிள்ளைகள் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள். இரண்டு தாத்தாக்களும் அதை மட்டும் அவனிடம் சொல்லிவிட்டால் போதும் என்று எண்ணுகிறேன்.

அருள்செல்வன் எழுதியது:

மதியழகி அவர்களே, உங்கள் சிற்றப்பாவுக்கு நேர்ந்தது தவறு. ஒரு நோயாளிக்காக வேண்ட விரும்புகிறவர் முதலில் அவரிடமோ உறவினரிடமோ கேட்க வேண்டும். கேட்க முடியாத நிலையில் தம் இருக்கையிலிருந்தே மௌனமாக வேண்டிக்கொள்ளலாம். இறைவனுக்கு அது கேட்காமல் போகாது என்பது என் நம்பிக்கை.

ஆனால் நீங்களும் ஒன்றைக் கருத வேண்டும். துயரத்தில் இருக்கும் ஒருவர் இறைவன் பெயரைச் சொல்லி ஆறுதல் தேடும் வேளையில், "உன் கடவுள் எங்கே போனார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதை நான் அருகில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தாயாலும் அங்கிருந்து எழுந்து போக முடியவில்லை. பெரும்பான்மையினர் வழிபடுவதே சிறுபான்மைக்கு நெருக்கடி என்று நீங்கள் எழுதியதில் எனக்கு முழு உடன்பாடும் இல்லை. கண்ணில் படுவதெல்லாம் கட்டாயம் ஆகாது.

மதியழகி எழுதியது:

அந்தத் தாயிடம் அப்படிக் கேட்டவரும், என் சிற்றப்பாவின் தலைமேல் கைவைத்தவரும் ஒரே செயலைத்தான் செய்தார்கள் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். கேட்டவர் என் தரப்பைச் சேர்ந்தவர் என்பதற்காக அதைச் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வழிபாடு கண்ணில் படுவதையும் நான் குறை கூறவில்லை. உங்கள் வழிபாட்டை நான் காண்பதால் எனக்கு ஒரு குறைவும் இல்லை. என் பதவிக்கும், என் சாட்சியத்துக்கும், என் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் அது நிபந்தனையாகும்போதுதான் மறுக்கிறேன். இதில் நம்பிக்கையாளர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் கடவுள்மேல் ஆணையிட மறுத்தவர்களுள் முதன்மையானவர்கள் குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர். ஆணையிடவே கூடாது என்ற தங்கள் வேதக் கட்டளையை அப்படியே பின்பற்றியவர்கள் அவர்கள். அதற்காகச் சிறை சென்றார்கள், உடைமைகளை இழந்தார்கள். ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி கூறும் உரிமையை இங்கிலாந்துச் சட்டம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுக்குத்தான் முதலில் வழங்கியது. பிராட்லா 1880-இல் கேட்டதும் அதே உரிமையைத்தான். கடவுளை அளவுகடந்து நம்பியவர்களுக்குக் கிடைத்ததை, நம்பாதவருக்கும் தர வேண்டும் என்பதே அவர் வாதம். அவர் முன்னின்று கொண்டுவந்த 1888ஆம் ஆண்டு ஆணைச் சட்டத்துக்குப் பின், பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் மத நம்பிக்கை இல்லாதவர்களும், மத நம்பிக்கையின் காரணமாகவே ஆணையிட மறுப்பவர்களும் ஒரே உறுதிமொழியைக் கூறத் தொடங்கினார்கள்.